தொடை உரசல், சீட் புண், பொருந்தாத ஷார்ட்ஸ்: வலிக்கும் இடத்தைப் பார்த்துச் சரிசெய்வது

மதுரையிலிருந்து அழகர்கோவில் போய்த் திரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நாற்பது கிலோமீட்டர் என்பது சாதாரண டிராக் பேன்ட்டிலேயே ஓட்டிவிடக்கூடிய தூரம். அதே ஆள் ராமேஸ்வரத்துக்குக் கிளம்பினால் மானாமதுரை தாண்டுவதற்குள் சீட்டில் நெளிய ஆரம்பித்துவிடுவார். பரமக்குடியில் டீ குடிக்க இறங்கும்போது காலை அகட்டி அகட்டி நடப்பார். எங்கள் பக்கம் நெடுந்தூரம் ஓட்டப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கொண்டுவரும் சிக்கல் இதுதான். கியரைப் பற்றியோ பஞ்சரைப் பற்றியோ கேட்பவர்கள் குறைவு.

கேட்க வருவதற்குள் பெரும்பாலானவர்கள் ஒரு ஜெல் சீட் கவர் வாங்கி மாட்டியிருப்பார்கள். அதை முதலில் கழற்றுங்கள். மெத்தென்று இருப்பது அரை மணி நேரத்துக்குச் சுகம். அதற்கு மேல் எலும்பு ஜெல்லுக்குள் அமுங்க, நடுவில் இருக்கும் ஜெல் மேலே எழும்பி மெல்லிய சதையைக் குத்தும். கவர் சீட்டின் மேல் அசைவதால் வேறு உரசல் கூடும்.

அடுத்து, வலிக்கும் இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வேண்டும். "கீழே எரியுதுண்ணே" என்றால் யாராலும் உதவ முடியாது. ஓட்டி முடித்துக் குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் எங்கே சுரீர் என்கிறதோ, அதுதான் இடம். துடைத்துவிட்டு ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கழற்றிப்போட்ட ஷார்ட்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அதே இடத்தில் துணியில் என்ன இருக்கிறது என்று விரலால் தடவுங்கள். தையல் மேடா, பேட் (ஷார்ட்ஸுக்குள் தைத்திருக்கும் மெத்தை) முடியும் விளிம்பா, உப்புப் பூத்து விறைத்த கோடா? இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால் கீழே எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

எந்த அறிகுறியானாலும் முதல் கேள்வி: உள்ளே ஜட்டி இருக்கிறதா?

பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. பேட் நேராகத் தோலில் படுவதற்காகவே செய்யப்பட்டது. பருத்தி ஜட்டி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயாது. அதன் கால் விளிம்பில் இருக்கும் எலாஸ்டிக்கும் தையலும் சரியாகத் தொடையிடுக்கில் வந்து உட்காரும். பட்டாபட்டி இன்னும் மோசம். நடுவில் நான்கு துண்டுத் துணியும் சேரும் இடத்தில் கனமான தையல் முடிச்சு இருக்கிறது, அதன் மேல்தான் உட்காருவீர்கள். ஜட்டி இல்லாமல் ஓட்டுவது முதல் இரண்டு நாள் கூச்சமாக இருக்கும். அதன் பிறகு பழைய பழக்கத்துக்கு யாரும் திரும்புவதில்லை.

ஜட்டியைக் கழற்றிவிட்டு ஒரு முறை அதே தூரம் ஓட்டிப் பாருங்கள். பலருக்குப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும், ஒரு பைசா செலவில்லாமல்.

அறிகுறி: தொடையின் உள்பக்கம் அகலமாகச் சிவந்து எரிகிறது

ஷார்ட்ஸின் கால் பகுதி சுருண்டு மேலே ஏறியிருந்தால்

தொடையும் தொடையும், அல்லது தொடையும் சீட்டின் ஓரமும் நேராக உரசுகின்றன. கால் நீளம் போதாது, இல்லையென்றால் கால் முனையில் இருக்கும் பிடிப்புப் பட்டை தளர்ந்துவிட்டது. தொடை பருமனாக இருப்பவர்கள் முழங்காலுக்கு நான்கு விரல் மேலே வரும் நீளத்தை எடுப்பது நல்லது. பட்டை மட்டும் தளர்ந்திருந்தால் புது ஷார்ட்ஸ் தேவையில்லை. தையல்காரரிடம் கொடுத்தால் அகல எலாஸ்டிக்கை மாற்றித் தந்துவிடுவார். மதுரை புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்கள் போன்றவர்களுக்கு இது சின்ன வேலை. இழுபடும் நூலில், வளைந்து செல்லும் தையலாகப் போடச் சொல்லுங்கள். நேர்த் தையல் போட்டால் தொடை விரியும்போது நூல் அறுந்துவிடும்.

துணியைக் கிள்ளினால் கையோடு வந்தால்

சைக்கிளில் ஏறி, கைப்பிடியைப் பிடித்த நிலையில் உள்தொடைத் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பாக எழுந்து வந்தால் சைஸ் பெரிது. அந்த மடிப்புதான் ஒவ்வொரு மிதிக்கும் தோலைத் தேய்க்கிறது. ஒரு சைஸ் குறைக்க வேண்டும். மேலே இன்னொரு தளர்ந்த ஷார்ட்ஸோ நீளமான குர்தியோ போட்டு ஓட்டுகிறவர்கள் அதையும் கவனியுங்கள். துணி சீட்டுக்கும் தொடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அதே மடிப்பு, அதே உரசல். மேலூர் டீக்கடையில் லைக்ராவோடு நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்பவர்கள் மெல்லிய அரைக்கால் சட்டை ஒன்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, இறங்கியதும் மேலே போட்டுக்கொள்ளலாம். ஓட்டும்போது வேண்டாம்.

துணி சரி, நீளம் சரி, ஆனாலும் எரிந்தால்

தோலுக்கு வழுக்கல் போதவில்லை. கிளம்பும் முன் உரசும் இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லியையோ சைக்கிள் கடைகளில் கிடைக்கும் பேட் க்ரீமையோ தாராளமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் உருகித்தான் இருக்கும். அழகர்கோவில் தூரத்துக்குத் தாங்கும், நூறு கிலோமீட்டருக்குத் தாங்காது. பெட்ரோலியம் ஜெல்லி நெடுநேரம் நிற்கும், ஆனால் பேட்டில் பிசுக்காக ஒட்டி, துவைத்தால் எளிதில் போகாது. செலவைப் பார்க்காவிட்டால் க்ரீம்தான் நல்லது.

பவுடர் மட்டும் வேண்டாம். வியர்வை பட்டதும் கட்டி கட்டியாகத் திரண்டு, அதுவே தேய்க்க ஆரம்பிக்கும். பல வேர்க்குரு பவுடர்களில் மெந்தால் இருக்கும், உரிந்த தோலில் பட்டால் தீயாக எரியும்.

மழையில் மட்டும் எரிந்தால்

ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுகிறவர்களுக்கு இது வரும். பின்சக்கரம் வாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீரில் இருக்கும் பொடிமணல் துணிக்குள் புகுந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஷார்ட்ஸை மாற்றுவதற்கு முன் பின்சக்கரத்துக்கு ஒரு மட்கார்டு மாட்டுங்கள். சீட்டுக்கு அடியில் செருகும் சின்ன பிளாஸ்டிக் மட்கார்டே போதும்.

அறிகுறி: தொடையிடுக்கில் கோடு கிழித்த மாதிரி உரிந்திருக்கிறது

அகலமான சிவப்பு இல்லை, மெல்லிய கோடு. இது தையலின் வேலை, அல்லது பேட் விளிம்பின் வேலை. ஷார்ட்ஸை உள்பக்கம் திருப்பி நகத்தை வைத்து அந்தக் கோட்டோடு இழுத்துப் பாருங்கள். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கேதான் உங்கள் தோலும் தட்டுகிறது. நல்ல ஷார்ட்ஸில் தையல் பிளாட்லாக்காக, துணியோடு துணியாகப் படிந்திருக்கும். மலிவானதில் ஓவர்லாக் அடித்து விட்டிருப்பார்கள், கயிறு மாதிரி மேடு நிற்கும்.

தட்டுவது பிரிந்து தொங்கும் நூல் முனையாக இருந்தால், ஒட்ட வெட்டிவிட்டால் தீர்ந்தது. லேபிளாக இருந்தாலும் அப்படியே. பேட்டின் விளிம்பு என்றால், பேட் உங்கள் உடம்புக்கு அகலம் என்று அர்த்தம், அல்லது ஷார்ட்ஸ் கீழே இறங்கி பேட் நகர்ந்திருக்கிறது. இடுப்பை மேலே ஏற்றி, பேட் உடம்போடு ஒட்டும்படி போட்டுக்கொண்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்படியும் கோடு விழுந்தால் அந்த ஷார்ட்ஸ் உங்களுக்கானது இல்லை. சாதாரணத் தையல் மெஷினில் பேட்டைப் பிரித்து நகர்த்தித் தைத்தால் புதிதாக இன்னொரு மேடுதான் வரும். அதில் காசைப் போட வேண்டாம்.

முடியை மழித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பிளேடு போட்ட இடத்தில் முள்முள்ளாக முளைக்கும்போது தேய்ந்தால் கோடும் விழும், வேர்க்காலில் சீழும் பிடிக்கும். டிரிம்மர் வைத்துக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உரிந்த இடத்துக்கு என்ன செய்வது: தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, நன்றாகக் காற்றாட விட்டு, துத்தநாகம் கலந்த குழந்தைகளுக்கான ராஷ் க்ரீமைத் தடவி, ஜட்டி இல்லாமல் கைலி கட்டிக்கொண்டு தூங்குங்கள். கைலியை விடச் சிறந்த மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. தண்ணீர் கலக்காத கிருமிநாசினியை ஊற்ற வேண்டாம், புண் ஆறுவதைத் தள்ளிப்போடும். தோல் மூடும் வரை சைக்கிளில் ஏற வேண்டாம். ஈரம் கசிந்துகொண்டே இருந்தாலோ, சிவப்பு பரவினாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: உட்காரும் எலும்பு இரண்டிலும் வலி

தோலில் ஒன்றும் இல்லை, உள்ளே எலும்பில் வலி. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் நெடுநாள் விட்டுவிட்டு ஓட்டுகிறவர்களுக்கும் இது இயல்பு. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் கீழே பாருங்கள்.

பேட் செத்துவிட்டதா? கட்டைவிரலால் பேட்டை அழுத்துங்கள். விரல் சுலபமாக மறுபக்கத்துத் துணியைத் தொட்டால் அந்த நுரை வேலை செய்வதில்லை. வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றால் அது கண்ணுக்குத் தடிமனாகக் காட்டிய மலிவு நுரை. நெடுந்தூரத்துக்குத் தடிமன் முக்கியமில்லை, அடர்த்திதான் முக்கியம். ஒரு விரல் கனம் இருந்தாலும் அழுத்தத்துக்கு எதிர்த்து நிற்கும் பேட், இரண்டு விரல் கன மெத்தையை விட எவ்வளவோ மேல். ஷார்ட்ஸின் பின்பக்கத்தை விரித்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். கையின் நிழல் தெரிகிற அளவுக்குத் துணி இளைத்திருந்தால் பேட்டுக்கும் ஆயுள் முடிந்திருக்கும்.

மேடு ஏறும்போது மட்டும் வலிக்கிறதா? சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதும், வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போதும் உடம்பு பின்னால் சரிந்து முழுப் பாரமும் எலும்பில் இறங்கும். ஒவ்வொரு வளைவிலும் பத்து மிதி எழுந்து நின்று மிதியுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

பேட்டும் நல்லது, சமவெளியிலும் வலிக்கிறது என்றால் சீட்டின் அகலத்தைப் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் நெளி அட்டையில் ஒரு துண்டை வெட்டி மாடிப்படியில் போடுங்கள். மெல்லிய உடையோடு அதன் மேல் உட்கார்ந்து, பாதத்தைக் கீழ்ப்படியில் வைத்து, முழங்காலைக் கைகளால் இழுத்து முன்னால் குனிந்து அரை நிமிடம் இருங்கள். எழுந்தால் அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். சரியாகத் தெரியவில்லை என்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து மறு குழியின் நடு வரை அளந்து, அதோடு இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் கூட்டுங்கள். அதுதான் உங்களுக்கு ஏற்ற சீட்டின் ஏறத்தாழ அகலம். இருக்கிற சீட் அதை விடக் குறைவாக இருந்தால் எலும்பு ஓரத்தில் தொங்குகிறது, எந்த ஷார்ட்ஸும் காப்பாற்றாது. சீட் மாற்றுவது செலவுள்ள வேலை என்பதால்தான் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். வாங்கும் முன் நண்பர் ஒருவரிடம் அந்த அகலத்தில் இருந்தால் இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் புண், அதுவும் எப்போதும் அதே பக்கம்

இதில் ஷார்ட்ஸை மாற்றி மாற்றிப் பணத்தை விட்டவர்கள் நிறைய பேர். ஒரு பக்கம் மட்டும் என்றாலே உடம்பு சீட்டில் சாய்ந்து உட்காருகிறது என்று பொருள். பெரும்பாலும் சீட் உயரம்தான் காரணம்.

குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே போகும்போது கால் நீட்டி நிற்க வேண்டும். எட்டவில்லை என்றால் சீட் உயரம் அதிகம். இன்னொரு சோதனை: நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் சமதளமான சாலையில் பின்னால் நண்பரை வரச் சொல்லி உங்கள் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடினால், எட்டாத பெடலை எட்ட உடம்பு சரிகிறது. சீட் போஸ்ட்டில் இப்போதுள்ள இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டு, ஆலன் கீயால் தளர்த்தி, ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இறக்குங்கள். இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்து கை வைக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு அங்குலம் இறக்கினால் முழங்கால் வலி வரும், எது எதனால் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

உயரம் சரியென்றால் சீட்டின் மூக்கு நேராக முன்சக்கரத்தைப் பார்க்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். சைக்கிளை ஒரு முறை கீழே போட்டிருந்தால் லேசாகத் திரும்பியிருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. சீட்டின் அடியில் இருக்கும் கம்பி ஒரு பக்கம் வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஷூவில் கிளீட் (ஷூவைப் பெடலோடு பூட்டும் துண்டு) போட்டு ஓட்டுகிறவர்கள் இரண்டு ஷூவிலும் அது ஒரே அளவில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அதே பக்கம் வந்தால் கால்களின் நீளத்தில் வித்தியாசம் இருக்கலாம். நீங்களாக அட்டை வைத்துச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். பிசியோதெரபிஸ்ட்டிடமோ எலும்பு மருத்துவரிடமோ அளந்து பார்த்துவிட்டு, அப்புறம் சைக்கிள் பொருத்தம் பார்க்கத் தெரிந்தவரிடம் போங்கள். இந்த வரிசை முக்கியம்.

அறிகுறி: கட்டி, பரு, சீழ்

வியர்வை ஊறிய துணியோடு உட்கார்ந்திருப்பதுதான் முதல் காரணம். ஓட்டி முடித்ததும் சட்னியும் இட்லியுமாக ஒரு மணி நேரம் கதையளந்துவிட்டு, அதே ஷார்ட்ஸில் வீட்டுக்கு வந்து போன் பார்த்துக்கொண்டு உட்காருகிறோம். தோல் அந்த ஈரத்திலேயே ஊறுகிறது. நின்றதும் மாற்றுங்கள். குளிக்க வழியில்லை என்றால் ஈரத் துண்டால் துடைத்துக் காய்ந்த உடைக்கு மாறினாலும் போதும்.

அடுத்த காரணம் துவைப்பது. ஒரே ஷார்ட்ஸைத் துவைக்காமல் காயவைத்து மறுநாளும் போடுவது கூடவே கூடாது. மதுரையில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும், சோப்பு நுரைக்காது, பேட்டிலிருந்து முழுதாக வெளியேறவும் செய்யாது. அந்த மிச்ச சோப்பு வியர்வையில் கரைந்து தோலை அரிக்கும். ஷார்ட்ஸை உள்பக்கம் திருப்பி, மிதமான சோப்பில் கையால் அலசி, கடைசி அலசலை மட்டுமாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். கம்ஃபர்ட் மாதிரியான துணி மென்மையாக்கிகள் வேண்டாம், வியர்வையைக் கடத்தும் தன்மையை அவை அடைத்துவிடும். முறுக்கிப் பிழியாமல் காய்ந்த துண்டில் சுருட்டி அழுத்தினால் பாதித் தண்ணீர் போய்விடும். காற்றோட்டமான நிழலில் பேட் வெளியே தெரியும்படி காயப்போடுங்கள். சித்திரை வெயிலில் நாள் முழுக்கத் தொங்கவிட்டால் இழுவைத் தன்மை போய்விடும்.

கட்டி வந்துவிட்டால்: சிறிதாக, மயிர்க்காலில் சிவந்து இருக்கும் நிலையில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஒத்தடம், பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை. பிதுக்க வேண்டாம். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. முதுகில் வந்த வேனல் கட்டிக்கு என்னவோ, இந்த இடத்துத் தோல் மிக மெல்லியது, சுண்ணாம்பு வெந்துபோகச் செய்யும். கட்டி முழுக்க அடங்கும் வரை சைக்கிளில் ஏறாதீர்கள். அதன் மேல் உட்கார்ந்து ஓட்டினால் உள்ளுக்குள் ஆழமாக இறங்கிவிடும்.

காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டிய நிலைகள் இவை: சர்க்கரை நோய் இருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, கட்டியைச் சுற்றிய சிவப்பும் வீக்கமும் பரவுகின்றன, உட்காரவே முடியவில்லை, கட்டி மலவாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைசியில் சொன்னதை மூலம் என்று நினைத்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டு நாட்களைக் கடத்துகிறவர்கள் அதிகம். அது பவுத்திரமாக மாறினால் அறுவை சிகிச்சை வரை போகும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கெட்டியான உருண்டையையும் அறுவை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஷார்ட்ஸ் மாற்றி அது போகாது.

அறிகுறி: எரிச்சல் குறைவு, அரிப்புதான் தாங்கவில்லை

தொடையிடுக்கில் வட்டமாகப் பரவி, ஓரம் மட்டும் சிவந்து செதிலாக, நடுப்பகுதி தெளிந்த மாதிரி இருந்தால் அது உரசல் இல்லை, படை. பூஞ்சைத் தொற்று. வழுக்கலுக்குத் தடவும் எதுவும் இதைக் குணப்படுத்தாது, ஈரத்தை அடைத்து வைத்துக் கூட்டவே செய்யும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் போய் "அரிப்புக்கு ஆயின்மென்ட்" என்று கேட்டு வாங்காதீர்கள். கையில் வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த கூட்டு மருந்தாக இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நின்று, குணமான மாதிரி தெரியும். பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும், விட்டதும் இரண்டு மடங்காகத் திரும்பும், தோலும் மெலிந்து வரி வரியாகிவிடும். நாடு முழுக்கத் தோல் மருத்துவர்கள் இதைத்தான் எச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். அரசு இராசாசி மருத்துவமனையில், நாம் பெரியாஸ்பத்திரி என்கிறோமே, அங்கே தோல் பிரிவு இருக்கிறது. ஒரு காலைப் பொழுது போகும், அவ்வளவுதான். கொடுக்கும் மருந்தை அரிப்பு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை போடுங்கள். வீட்டில் துண்டைத் தனியாக வையுங்கள், ஷார்ட்ஸை மற்றவர் துணியோடு ஊறப்போடாதீர்கள்.

அறிகுறி: முன்பக்கம் மரத்துப்போகிறது

வலியே இல்லை, உணர்ச்சி மட்டும் இல்லை. இதைப் பலர் வெளியில் சொல்லவே மாட்டார்கள். மற்ற அறிகுறிகளை எல்லாம் விட இதற்குத்தான் உடனே நடவடிக்கை வேண்டும், ஏனென்றால் நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்குகின்றன.

மரத்த உடனே எழுந்து நின்று மிதியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சில நொடிகள் எழுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் சீட்டின் மேல் ஒரு நீளமான புத்தகத்தை வைத்து, அதன் மேல் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தையோ போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலியையோ வையுங்கள். மூக்கு மேலே தூக்கியிருந்தால் சமமாக்குங்கள். சமமாக இருந்தும் மரத்தால் மிகச் சிறிதளவு கீழே இறக்கலாம். அதிகம் இறக்கினால் முன்னால் வழுக்கி வந்து மூக்கின் மேலேயே உட்காருவீர்கள், கையும் தோளும் வலிக்கும்.

ஆடி மாதம் ஆண்டிபட்டிப் பக்கம் ஓட்டும்போது மட்டும் வருகிறது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை எதிர்த்து மணிக்கணக்கில் குனிந்தே மிதிக்கிறார்கள், இடுப்பு முன்னால் சாய்ந்து பாரம் எலும்பை விட்டு மெல்லிய சதைக்கு வருகிறது. கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்தினால் குறையும். அதற்கும் அடங்காவிட்டால் நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டுக்கு மாறுங்கள். இறங்கிய பிறகும் சில மணி நேரம் மரப்பு நீடித்தாலோ, சிறுநீர் கழிப்பதிலோ தாம்பத்தியத்திலோ மாற்றம் தெரிந்தாலோ சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு மரப்பை விட வீக்கமும் ஒரு பக்க வலியுமாக வருவதுண்டு. ஆண்களுக்கான பேட் வடிவம் வேறு, நடுவில் மேடு வரும் இடம் வேறு. அண்ணனுடைய ஷார்ட்ஸ் சைஸ் சரியாக இருக்கிறது என்று போடாமல், பெண்களுக்கான பேட் உள்ளதையே வாங்குங்கள். சீட்டின் அகலமும் பெரும்பாலும் கூடுதலாகத் தேவைப்படும். வீக்கம் மறுநாளும் வடியாவிட்டாலோ, சிறுநீர் கழிக்கையில் எரிந்தாலோ மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: ஷார்ட்ஸ் எதை வாங்கினாலும் பொருந்தவில்லை

கடையின் டிரயல் ரூமில் நேராக நின்று கண்ணாடி பார்த்து எடுப்பதால் வருவது. சைக்கிள் ஷார்ட்ஸ் குனிந்து உட்கார்ந்த உடம்புக்கு வெட்டியது. நேராக நிற்கும்போது வயிற்றில் கொஞ்சம் இறுக்கமாகவும் பின்னால் பேட் தொங்குவது போலவும் தெரிந்தால் அது சரியான அடையாளம். அங்கே இருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டி, ஓட்டுகிற மாதிரி குனிந்து, காலை மாற்றி மாற்றித் தூக்குங்கள். பேட் உடம்போடு ஒட்டி, தோலோடு சேர்ந்து நகர வேண்டும். கடையில் சைக்கிள் நிற்கும் இடமென்றால் ஏறி உட்காரவே கேளுங்கள்.

இடுப்பிலிருந்து கீழே இறங்கினால்: தொப்பை இருப்பவர்களுக்கு இடுப்பு எலாஸ்டிக் வயிற்றுக்குக் கீழே சுருண்டுவிடும், பேட்டும் கூடவே இறங்கும். தோளில் வார் வைத்த பிப் ஷார்ட்ஸ் இதற்குத்தான். விலை கூடுதல், சிறுநீர் கழிக்க மேல்சட்டையைத் தூக்க வேண்டிய தொல்லையும் உண்டு. ஆனாலும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது பிப் மட்டும்தான்.

தொடையில் பட்டை ஆழமாகப் பதிந்து, கழற்றி அரை மணி நேரம் ஆன பிறகும் சிவந்த வளையம் போகவில்லை என்றால்: சைஸ் சிறிது, அல்லது பட்டையில் இருக்கும் சிலிக்கான் உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிலிக்கான் இல்லாத அகலத் துணிப் பட்டை வைத்தது கிடைக்கிறது.

இணையத்தில் வாங்குபவர்கள் எஸ், எம், எல் எழுத்தை நம்ப வேண்டாம். வெளிநாட்டு எம் ஒன்று, நம் ஊர்த் தயாரிப்பின் எம் இன்னொன்று. டேப்பால் இடுப்பு, பின்பகுதியின் அகலமான சுற்றளவு, தொடை மூன்றையும் அளந்து அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையோடு பாருங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் அளவு விழுந்தால் சிறியதை எடுங்கள். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு மலிவு ஷார்ட்ஸா ஒரு நல்லதா என்று கேட்டால், ஒரு நல்லது. அது காய்கிற நாளில் ஓட்ட வேண்டாம்.

அறிகுறி: நூறு கிலோமீட்டர் வரை ஒன்றுமில்லை, அதற்கு மேல்தான்

பொருத்தம் சரி, பராமரிப்புதான் குறைகிறது. பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டுகிறவர்களுக்கு 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி நேரம் உண்டு. அவ்வளவு நேரத்துக்கு, விடியற்காலையில் தடவிய க்ரீம் நிற்கவே நிற்காது. சின்ன டப்பாவில் எடுத்துப் போய், ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒரு முறை, எரிவதற்கு முன்பே தடவுங்கள். பெட்ரோல் பங்க் கழிப்பறையில் முதலில் கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, தண்ணீரில் நனைத்த கைக்குட்டையால் உப்பைத் துடைத்துவிட்டு, காய்ந்ததும் தடவ வேண்டும். உப்பின் மேல் தடவினால் அந்தப் பொடி உள்ளேயே நின்று அறுக்கும்.

அக்னி நட்சத்திர நாட்களில் மதியம் ஓட்டுவதைத் தவிர்த்து, பதினொன்றிலிருந்து மூன்று வரை எங்காவது நிழலில் ஷார்ட்ஸைக் கழற்றிக் காயவைத்துவிட்டுக் கைலியில் படுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிர்ச்சி தேடுகிறவர்கள் அது முதுகு வழியாக இறங்கிப் பேட்டை நனைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குனிந்து நின்று ஊற்றுங்கள்.

300க்கு மேல் போகும்போது இரண்டாவது ஷார்ட்ஸ் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து எடுத்துப் போங்கள். முடிந்தால் வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். அதன் தையலும் பேட் விளிம்பும் வேறு இடத்தில் வரும், காலையில் தேய்ந்த தோலுக்கு இரவில் ஓய்வு கிடைக்கும். புதிதாக வாங்கியதை மட்டும் அன்று முதன்முதலாகப் போட வேண்டாம். குறைந்தது ஒரு அழகர்கோவில், ஒரு திண்டுக்கல் போய் வந்த ஷார்ட்ஸாக இருக்க வேண்டும்.

வழியில் தோல் உரிந்துவிட்டது, இன்னும் எண்பது கிலோமீட்டர் இருக்கிறது என்றால்: கழுவி, காயவைத்து, அந்த இடத்தில் கனமாக ஜெல்லியைத் தடவி, சீட்டை ஐந்து மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள். தேயும் புள்ளி கொஞ்சம் நகரும். ரத்தம் கசிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பஸ் ஏறுங்கள். ராமநாதபுரத்திலிருந்தும் தேனியிலிருந்தும் மதுரைக்கு இரவிலும் பஸ் இருக்கிறது; முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சைக்கிளை ஏற்றிக்கொள்வாரா என்று கண்டக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.